விசித்திரத்துக்குப் பதிலாகக் கசப்பு

நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து, ஒரு சிற்றேட்டில் வெளிவந்திருக்கும் பாடல் பற்றி இதை எழுத வேண்டியிருக்கிறது. நண்பர் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. பாடல், பில்லி ஹாலிடே பாடிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. மொழிபெயர்ப்பின் குணதோஷங்கள் இருக்கட்டும். வரிகள் மோசமில்லை, ஓரிரு இடங்களில் நன்றாகவே வந்திருக்கின்றன. என் சண்டை தலைப்போடு. 'கசப்புக் கனி' என்று போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த இடம். "விசித்திரம் என்று போட்டால் நம் வாசகனுக்கு என்ன உறைக்கும்? மரத்தில் தொங்குவது மனிதப் பிணம். அது கசப்புத்தானே? உருவகம் தலைப்பிலேயே வேலை செய்துவிட வேண்டும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே பதில் வரவில்லை. வழக்கம்போல் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

அவர் ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதில் என்றால் ஒரு கார்டில் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் "உருவகம் தலைப்பிலேயே வேலை செய்துவிட வேண்டும்" என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு கொள்கையாகிவிட்டது. கவிதைத் தொகுதிகளின் பொருளடக்கத்தைப் புரட்டினால் போதும். சிலுவைகள், முட்கள், காயம்பட்ட நிலாக்கள், எரியும் கூடுகள். பக்கத்தைத் திருப்பி உள்ளே போகிறவனுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. துக்கம் வாசலிலேயே விநியோகிக்கப்பட்டுவிட்டது.

முதலில் சரித்திரம். இந்தப் பாடலுக்குக் 'கசப்புக் கனி' என்ற பெயர் ஏற்கனவே இருந்திருக்கிறது. வைத்தவர் எழுதியவரேதான். ஏபெல் மீரோப்போல், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், யூதர், கம்யூனிஸ்ட். வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பர்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட புகைப்படம் அவரை உலுக்கிவிட்டது. எழுதிய கவிதையை 1937-இல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் வெளியிட்டார். அப்போது தலைப்பு 'பிட்டர் ஃப்ரூட்'. பிறகு தாமே மெட்டும் அமைத்தார். 1939-இல், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார முடிந்த கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் பில்லி ஹாலிடே இதைப் பாடத் தொடங்கியபோது 'பிட்டர்' போய் 'ஸ்ட்ரேஞ்ச்' வந்தாகிவிட்டது. ஆக, எழுதியவன் அடித்துத் திருத்திப் போட்ட சொல்லை நம் நண்பர் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார். தெரிந்து செய்திருந்தால் அது ஒரு விமர்சனம். தெரியாமல் செய்திருப்பதால் ஒரு மனோபாவத்தின் அடையாளம்.

ஏன் அடித்தார்? பாடலைப் பார்த்தாலே தெரிகிறது. கசப்பு என்ற சொல் பாடலை விட்டுப் போய்விடவில்லை. ஒரே ஒரு இடத்தில், கடைசி வரியில், வருகிறது. அங்கே வருவதற்காகத்தான் தலைப்பிலிருந்து அதை எடுக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், அந்தக் கடைசி வரியில் கனி கனியாக இல்லை, விளைச்சலாகிவிடுகிறது. கனி தானாகக் காய்த்துப் பழுப்பது, மரத்தின் சமாச்சாரம், யாரும் பொறுப்பில்லை. விளைச்சல் என்றதும் விதைத்தவன் வந்துவிடுகிறான், தண்ணீர் பாய்ச்சியவன் வந்துவிடுகிறான், வேலி போட்டவனும் அறுக்கக் காத்திருப்பவனும் வந்துவிடுகிறார்கள். கனியிலிருந்து விளைச்சலுக்குப் போகிற இந்தத் தூரம்தான் பாடல். பன்னிரண்டே வரிகளில் அந்தத் தூரம் கடக்கப்படுகிறது. கசப்பைத் தலைப்பில் வைத்தால் பயணம் கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. கசப்பு என்பது தின்று பார்த்தவனின் சொல். விசித்திரம் என்பது பார்ப்பவனின் சொல், அதிலும் வெளியூர்க்காரனின் சொல். தோட்டத்து வழியாகப் போகிறவன், இது என்ன பழம், எங்கள் பக்கத்தில் இல்லையே என்று நிற்கிற தொனி அது. உள்ளூர்க்காரனுக்கு அந்தப் பழம் விசித்திரமில்லை. மீரோப்போல் பார்த்ததாகப் பலரும் சுட்டுகிற படம், லாரன்ஸ் பைட்லர் என்ற புகைப்படக்காரர் 1930 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு இந்தியானா மாநிலத்தின் மேரியன் நகரில் எடுத்தது. மேலே தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் இருவரின் உடல்கள். கீழே ஊர். திருவிழாவுக்கு வந்தவர்கள் போல நிற்கிறார்கள். சிலர் காமிராவைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். ஒருவன் கையை உயர்த்தி உடல்களைச் சுட்டிக்காட்டுகிறான் — தன் மரத்தில் காய்த்ததை விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி. படத்தின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. அந்தக் கூட்டத்துக்குக் கசப்பு ஏது? விசித்திரம்தான் ஏது? 'விசித்திரம்' என்ற ஒரே சொல்லால் மீரோப்போல் அந்தக் கூட்டத்துக்கு வெளியே ஒரு ஆளை நிறுத்திவிடுகிறார். கேட்பவன் அந்த ஆளின் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தலைப்பில் நடந்திருக்கும் காரியம் இதுதான். இது அலங்காரம் இல்லை.

ஆக, என் கட்சி இது: உருவகமாக இருக்கிற தலைப்பு, ஒப்பிடப்படுகிற இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதைக் கடன் வைக்கிறது. பாடல் அந்தக் கடனை அடைக்க வேண்டும். நண்பர் வேண்டுவது தலைப்பிலேயே ரொக்கம். நம் கவிஞர்கள் பலர் கொடுப்பதோ, காசோலையைத் தடித்த எழுத்தில் எழுதி, உள்ளே கணக்கில் ஒன்றுமில்லாமல் விடுவது. (கவுன்டரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் காசோலைகளைத் திருப்பி அனுப்பியவனுக்கு வேறு உவமை எங்கிருந்து வரும்?)

பாடல் தலைப்புகளில் உருவகம் என்று யாரிடமும் கேளுங்கள், முதலில் வருவது 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்', 1970, பால் சைமன். கொந்தளிக்கும் தண்ணீர், மேலே ஒரு பாலம். கேட்ட மாத்திரத்தில் இரண்டு பாதிகளும் கைக்கு வந்துவிடுகின்றன: தண்ணீர் கஷ்டம், பாலம் துணை. பாடலுக்கு இதை நீட்டிப் பாடுவது தவிர வேலையில்லை; ஆர்ட் கார்ஃபங்கலின் குரல் இல்லாவிட்டால் இத்தனை நாள் நின்றிருக்குமா என்பது சந்தேகம். இதில் ஒரு சுவையான விஷயம். இந்தப் பாலம் சைமனுடையதில்லை. ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்ற கறுப்பர் கோஸ்பல் குழுவின் பாடல் ஒன்றில் கிளாட் ஜீட்டர் போகிற போக்கில் பாடிய பாலம் அது, சைமனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜீட்டரின் பாலம் கடவுளின் பேச்சு. நம்பினால்தான் பாலம், நம்பாவிட்டால் ஆழம். ஒரு நிபந்தனை இருக்கிறது, அதனால் பயமும் இருக்கிறது. சைமனிடம் வந்தபோது நிபந்தனை கழன்றுவிட்டது, ஆறுதல் மட்டும் மிஞ்சிற்று. ஆறுதல் தப்பில்லை. அதை உருவகத்தின் சிகரம் என்று கொண்டாடுவதுதான் தப்பு.

பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்', 1965, வேறு ஜாதி. 'லைக்' என்று தொடங்குவதால் இலக்கணப்படி உவமை. ஆனால் எது போல என்பது இருக்க, எது என்பது இல்லை. உருளும் கல் என்ற பழமொழிக்கே இரண்டு முகம் உண்டு. பாசி ஒட்டாதது நஷ்டம் என்று ஒரு தலைமுறை சொன்னது, லாபம் என்று இன்னொரு தலைமுறை. மடி வாட்டர்ஸ் 1950-இல் அந்தக் கல்லை உருட்டினார், 1962-இல் ஓர் ஆங்கிலக் குழு அதையே தனக்குப் பெயராக வைத்துக்கொண்டது. இத்தனை கைமாறிய கல்லை எடுத்து, வாழ்ந்து கெட்ட ஒரு பெண்ணைப் பார்த்து வீசுகிறார் டிலன். லாபமா நஷ்டமா என்று அவளிடமே கேட்கிறார். பதில் கிடையாது. 2016-இல் நோபல் பரிசு கொடுத்தபோது பாட்டு இலக்கியமாகுமா என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதில் ஒருவராவது இந்தத் தலைப்பின் முன் அரை நிமிஷம் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

கடன் வைப்பதே போதும் என்று நான் சொல்லவில்லை. பீட்டில்ஸ் 1968-இல் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்று ஒன்று பாடினார்கள். இங்கிலாந்தில் பொருட்காட்சிகளில் நிற்கும் சுருள் சறுக்கு மரத்தின் பெயர் அது. பாடலில் உள்ளது ஏறுவதும் சறுக்குவதும் கூச்சலும்தான். கலிபோர்னியாவில் சார்ல்ஸ் மேன்ஸன் என்பவன் அந்தப் பெயரில் வரப்போகும் இன யுத்தத்தைக் கேட்டான். 1969 ஆகஸ்டில் அவன் ஆட்கள் ஒரு தம்பதியைக் கொன்று, அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல், எழுத்துப் பிழையோடு, அந்தத் தலைப்பை ரத்தத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். தலைப்பு விட்ட வெற்றிடத்தைப் பாடல் நிரப்பவில்லை. ஒரு பைத்தியக்காரன் நிரப்பினான். பீட்டில்ஸ் மேல் பழி போடுவது அபத்தம். ஆனால் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டை இப்படி யாரும் எடுத்துப் போக முடியாது. தலைப்பு திறந்திருக்கிறது, பாடலின் ஒவ்வொரு வரியும் ஒரு கதவை அடைத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒரே வழி மிஞ்சும், அதில் போய்த்தான் ஆகவேண்டும்.

இனி நம் விஷயம். தமிழில் பாட்டுக்குத் தலைப்பே கிடையாது. கீர்த்தனையைப் பல்லவியின் முதல் சொற்களால் சொல்கிறோம்; வேண்டுமானால் ராகத்தைச் சேர்த்துக்கொள்வோம். சினிமாப் பாட்டும் முதலடிதான். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்திலும் முதலடியையே அச்சடித்தார்கள். மேற்கே அச்சடித்த இசைத்தாள் விற்பனைக்கு வந்தபோது தலைப்பு ஒரு வியாபாரத் தேவையாக இருந்தது. பிறகு சிலர் அந்தத் தேவையைக் கலையாக்கினார்கள். நமக்குத் தலைப்பு கவிதையின் வழியாக, அச்சோடும் ஆங்கிலத்தோடும் சேர்ந்து வந்தது. வந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் நெற்றியில் சந்தனம் மாதிரி இட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தலைப்பு வைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள். புலவன் பெயர் தெரியாதபோது பாட்டிலிருந்து ஒரு தொடரை எடுத்து அவனுக்கே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறிதூண்டிலார், தேய்புரிப்பழங்கயிற்றினார், குப்பைக்கோழியார். செம்புலப்பெயனீரை எல்லோரும் சொல்லிச் சொல்லி கல்யாணப் பத்திரிகையில் அடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம், அதை விடுங்கள். குப்பைக்கோழியைப் பாருங்கள். குப்பைமேட்டில் கோழி. இந்தப் பெயரை மட்டும் கேட்பவனுக்குக் காதல் ஞாபகம் வருமா? வராது. குறுந்தொகைப் பாட்டுக்குள் போனால்தான் தெரியும்: குப்பைமேட்டில் தாமாகச் சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளை மூட்டிவிடுபவனும் இல்லை, விலக்கிவிடுபவனும் இல்லை, ஒருத்தியின் காமநோயும் அப்படித் தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தேய்ந்த கயிறும் அதே போலத்தான். நற்றிணைப் பாட்டுக்குள் போனால் இரண்டு பக்கமும் யானைகள் இழுக்கின்றன. உள்ளம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம், நடுவே ஒரு உடம்பு. தொகுத்தவன் யானையைப் பெயரில் வைக்கவில்லை, நோயையும் வைக்கவில்லை. கயிற்றை வைத்தான். கோழியை வைத்தான். மிச்சத்தைக் கடன் வைத்தான்.

நண்பரைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் தொகுத்திருந்தால் நமக்குக் 'காமநோயார்' என்று ஒரு புலவர் கிடைத்திருப்பார்.

உருவகம் கைவராதபோது செய்யக்கூடிய நாணயமான காரியம் ஒன்று உண்டு. பெயரைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஞானக்கூத்தன் அதைப் பற்றி எழுதிய கவிதைக்கு வைத்த தலைப்பு 'கீழ்வெண்மணி'. ஊர்ப்பெயர், அவ்வளவுதான். இந்திரா பார்த்தசாரதி அந்தச் சம்பவத்தை வைத்து 1975-இல் வெளியிட்ட நாவல் 'குருதிப்புனல்'. நாவலின் குறைநிறைகளைப் பேசி ஓய்ந்தாகிவிட்டது, நான் அதற்குள் போகவில்லை. தலைப்பை மட்டும் கேட்கிறேன். எரிந்து செத்தவர்களுக்கு ஏன் ரத்த ஆறு? அங்கே ஓடியது என்ன? நெருப்பில் செத்தவர்களின் மேல் யாரோ ஒரு பொதுவான கொடுமைப் படிமத்தைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கிறது. பொதுவானது என்பதற்கு அத்தாட்சி, 1995-இல் அதே பெயரில் ஒரு போலீஸ் சினிமா வந்தது. தீவிரவாதிகள், துரோகம், வேறு கதை. பெயர் கச்சிதமாகப் பொருந்திற்று. யாருக்கும் வெண்மணி ஞாபகம் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எந்த ரத்தத்துக்கும் ஓடுகிற புனல் அது.

உடனே நண்பர் மடக்குவார் என்று தெரியும்: "உங்கள் விசித்திரக் கனியையும்தான் இன்னொருத்தி எடுத்துக்கொண்டாளே?" உண்மை. லில்லியன் ஸ்மித் 1944-இல் வெளியிட்ட நாவலுக்கு அதே பெயர். ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரில் ஒரு வெள்ளை இளைஞனுக்கும் கறுப்புப் பெண்ணுக்கும் காதல். பாஸ்டனில் தடை செய்தார்கள். மரத்தில் தொங்கும் உடல் மட்டுமல்ல, இனவெறி வளர்த்துவிட்ட கோணல் மனிதர்கள் எல்லோருமே, வெள்ளையரும் கறுப்பரும், அந்தக் கனிதான் என்றார் அவர். இதில் அவர் பாடலுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே மரத்தில் இன்னொரு கிளையைக் காட்டுகிறார். புனலின் கதை அப்படியில்லை. அங்கே மரமே கிடையாது. இருந்தாலும் இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் தளர்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சரி, 'ஸ்ட்ரேஞ்ச்' என்பதைத் தமிழில் என்ன செய்வது? கேள்வி நியாயமானது. 'விசித்திரக் கனி' எனக்கும் முழுத் திருப்தியில்லை. விசித்திரத்தில் ஒரு வேடிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது, சர்க்கஸ் நோட்டீஸ் வாடை. வினோதம் இன்னும் மோசம், அதில் பொழுதுபோக்கே இருக்கிறது. அந்நியம் என்றால் கனி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிவிடும். இந்தக் கனியோ சுத்தமான உள்நாட்டுச் சரக்கு. கனி என்ற சொல்லையும் நான் சந்தேகப்படுகிறேன். தமிழில் கனி மங்கலச் சொல். பிள்ளையார் கையிலும் அதியமான் கையிலும் இருப்பது. 'ஃப்ரூட்' அப்படியில்லை, சந்தைச் சொல், கூடையில் கிடப்பது. 'பழம்' என்றே போடலாம். 'பேர் தெரியாத பழம்' என்று நான் போட்டிருப்பேன். இதிலும் ஓட்டை இருக்கிறது: பாடுகிறவளுக்குப் பேர் தெரியும். ஆனால் சந்தையில் ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறவனின் குரலாவது அதில் கிடைக்கிறது. இதைவிட நல்லது யாருக்காவது அகப்பட்டால் எழுதுங்கள். 'கசப்பு' மட்டும் வேண்டாம்.

உறைக்காது என்பதுதானே நண்பரின் பெரிய வாதம். கஃபே சொசைட்டியில் உறைப்பதற்கு என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். ஹாலிடே அதைக் கடைசிப் பாட்டாக வைத்துக்கொண்டார். பரிமாறுவது நின்றது. விளக்குகள் அணைந்தன, முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் இருட்டு, வெளிச்சம் திரும்பியபோது மேடையில் ஆளில்லை. கைதட்டலுக்குத் திரும்பி வருவது கிடையாது. எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அவருடைய கொலம்பியா கம்பெனி பதிவு செய்ய மறுத்துவிட, கொமடோர் என்ற சிறிய கம்பெனி 1939 ஏப்ரலில் பதிவு செய்தது. பிற்பாடு நியூயார்க் சட்டசபைக் குழு ஒன்று மீரோப்போலைக் கூப்பிட்டு, இதை எழுதக் கம்யூனிஸ்ட் கட்சி காசு கொடுத்ததா என்று விசாரித்தது. அவர்களுக்கு உறைத்திருக்கிறது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 2022-இல்தான் வந்தது, பாடல் ஒலிப்பதிவாகி 83 வருஷம் கழித்து. சட்டத்தின் தாமதத்துக்குத் தலைப்பு பொறுப்பில்லை.

உறைக்காதவர்களும் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஹாலிடே தம் சுயசரிதையில் ஒன்று சொல்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விடுதி. ஓர் இரவு ஒரு பெண்மணி எழுந்து நின்று, உங்கள் பெயர்பெற்ற அந்தக் காமப் பாட்டைப் பாடுங்களேன், மரத்தில் நிர்வாண உடல்கள் ஊஞ்சலாடுமே, அதுதான் என்று கேட்டிருக்கிறாள். தலைப்பில் கசப்பு இருந்திருந்தால் அந்தப் பெண்மணிக்குப் புரிந்திருக்கும் என்று நண்பர் நம்புகிறாரா? ஹாலிடே பாட்டுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கு அதைப் பாடவும் இல்லை.